பேராயரின் கடனும் உத்தரிக்கிற ஸ்தலமும்

யோகான் டெட்சல் என்ற பெயர் சீர்திருத்தத் திருச்சபைகளின் நினைவில் ஒரு வசவாகவே நின்றுவிட்டது. 1517-இல் ஜெர்மன் ஊர்களுக்குள் சிலுவையும் காணிக்கைப் பெட்டியுமாக நுழைந்து, உயிரோடிருப்பவர்களின் பாவத்துக்கும் செத்தவர்களின் ஆன்மாவுக்கும் சீட்டு விற்ற தொமினிக்கன் துறவி அவர். நமக்குச் சொல்லப்பட்ட கதையில் பாத்திரங்கள் மூன்றே: பேராசைக்காரப் பிரசங்கியார், ஏமாந்த ஜனம், பொறுக்க முடியாமல் சுத்தியலை எடுத்த லுத்தர். இந்தக் கதையில் டெட்சலுக்குக் கொடுக்கப்பட்ட இடம் மிகப் பெரிது என்பதே இக்கட்டுரையின் வழக்கு. அவர் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொன்ன பொய்யான போதனை அவர் வாயில் பிறந்ததல்ல. அது பிறந்தது ஒரு பதவி வாங்கப்பட்ட விதத்தில், அந்தப் பதவிக்காகப் பட்ட கடனில், கடனைத் தீர்க்கப் போட்ட ஒப்பந்தத்தில். “ஆள் அப்படி இப்படி, ஆனால் பிரசங்கம் நன்றாயிருக்கும்” என்று சபைத் தலைவர்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது விசுவாசிகளின் பழைய சமாதானம். தலைமையின் ஊழல் வேறு, போதனையின் பிழை வேறு என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. சீட்டு வியாபாரத்தின் வரலாற்றைக் கணக்கு வழக்கோடு பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது.

கணக்கு மாயின்ஸ் நகரில் தொடங்குகிறது. மாயின்ஸ் பேராயர் என்றால் பூசை வைக்கும் பெரிய குரு மட்டுமல்ல. புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு வாக்குகளில் ஒன்று அவருடையது. புதிதாக வரும் பேராயர் தம் அதிகாரத்தின் அடையாளமான கம்பளித் தோள்துண்டை ரோமிலிருந்து பெற வேண்டும், அதற்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். 1504, 1508, 1514 என்று பத்தாண்டுக்குள் மூன்று பேராயர்கள் இறந்துபோனார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு புதுத் தேர்தல், ஒவ்வொரு தேர்தலுக்கும் ரோமுக்கு ஒரு கட்டணம். மறைமாவட்டத்தின் கஜானா வறண்டு கிடந்தது. அந்த நேரத்தில்தான் பிராண்டன்பர்க் அரச குடும்பத்தின் இளைய மகன் ஆல்பிரெக்ட், என்னைத் தேர்ந்தெடுத்தால் கட்டணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். பேராலயக் குருக்களுக்கு அதைவிட இனிப்பான வாக்குறுதி வேறு இருக்க முடியாது. அவருடைய அண்ணன் யோவாக்கிம் ஏற்கெனவே அந்த ஏழு வாக்காளர்களில் ஒருவர். மாயின்ஸும் கிடைத்தால் ஒரே குடும்பத்தில் இரண்டு வாக்கு.

ஆல்பிரெக்டுக்கு அப்போது 23 வயது. ஆயர் பதவிக்குத் திருச்சபைச் சட்டம் கேட்பது 30 வயது. முந்தின ஆண்டில்தான் அவர் மாக்டபர்க் பேராயர் பதவியையும் ஹால்பர்ஸ்டாட் மறைமாவட்ட நிர்வாகத்தையும் பெற்றிருந்தார். ஒருவர் பல ஆசனங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுத்தது. ஆனால் விலக்குத் தரும் அதிகாரம் போப்பாண்டவரிடம் இருந்தது, விலக்குக்கு விலையும் இருந்தது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் 10,000 டுகாட் என்று பேரம் முடிந்தது. இவ்வளவு பணத்துக்கு ஆல்பிரெக்ட் போன இடம் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பம். ஐரோப்பாவின் மிகப் பெரிய வட்டிக்கடை அது. 1505-இல் மிளகு வாங்க இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல்களிலும் அவர்கள் முதல் போட்டிருந்தார்கள். அவர்களிடம் ஆல்பிரெக்ட் வாங்கிய கடன் சுமார் 29,000 ரைன் குல்டன். அப்போது ரோமில் ஆண்ட பத்தாம் லியோவும் இந்த உலகத்துக்குப் புதியவரல்லர். மெடிச்சி வங்கிக் குடும்பத்துப் பிள்ளை, பதின்மூன்று வயதில் கர்தினாலாக நியமிக்கப்பட்டவர். கடன் கொடுத்தவன், வாங்கியவன், அனுமதி தந்தவர் ஆகிய மூவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்கு நன்றாகவே புரிந்தது.

கடனை அடைக்க வழி என்ன? ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு 1506-இல் அடிக்கல் நாட்டப்பட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கான காணிக்கை என்ற பெயரில் முழுப்பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதையும் நீக்கும் சலுகை) வழங்கும் உரிமை ஆல்பிரெக்டின் ஆட்சிப் பகுதிகளுக்கு எட்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. ஆணை 1515 மார்ச் 31 தேதியிட்டது. வசூலில் பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுக்கர் கடனுக்கு. இந்த இரண்டாவது பாதியைப் பற்றிப் பிரசங்க மேடையில் எவரும் பேசவில்லை. மற்ற பலன்களையெல்லாம் அந்த எட்டு ஆண்டுக்கு நிறுத்தி வைத்தார்கள். ஏகபோகம் இல்லாமல் எந்த வியாபாரமும் வேகமாகக் கடன் தீர்க்காது. ஃபுக்கரின் ஆட்கள் பிரசங்கிகளோடு கூடவே போனார்கள், பெட்டியின் சாவியில் ஒன்று அவர்கள் கையில். பலிபீடத்துக்கு முன் வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை நிற்கும் காட்சி இன்று நமக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. அன்று அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஏற்பாடு.

இப்போது போதனைக்கு வருவோம். ஆல்பிரெக்டின் பெயரில் பிரசங்கிகளுக்குக் கொடுக்கப்பட்ட கையேடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நான்கு வரங்களை அது அறிவிக்கிறது. முதலாவது பாவத்துக்குரிய தண்டனையின் முழு மன்னிப்பு. இரண்டாவது, விருப்பமான குருவிடம் சாவு நேரத்தில்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெறும் சீட்டு. மூன்றாவது திருச்சபையின் எல்லா நற்கிரியைகளிலும் பங்கு. நான்காவது உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆன்மாக்களுக்கு விடுதலை. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியலும் உண்டு: அரசர்களுக்கும் பேராயர்களுக்கும் 25 குல்டன், சிறிய பிரபுக்களுக்கு 6, வியாபாரிகளுக்கு 3, அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு 1. காசே இல்லாதவர்கள் ஜெபத்தாலும் உபவாசத்தாலும் ஈடுசெய்யலாம் என்று ஒரு வரி இருப்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கையேட்டின் உண்மையான எடை நான்காவது வரத்தில் இருக்கிறது. செத்தவர்களுக்காகக் காசு போடுகிறவர் மனஸ்தாபப்படவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ தேவையில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. மூன்றாவது வரத்துக்கும் அதே சலுகை. மனந்திரும்புதல் நேரம் பிடிக்கும் காரியம். அதற்கு ஆத்துமத்தைச் சோதித்தறியும் குரு வேண்டும், பரிகாரம் வேண்டும். வசூல் கூட்டம் ஓர் ஊரில் தங்குவதோ கொஞ்ச நாள். மனந்திரும்புதலைக் கழற்றிவிட்டால் பெட்டி வேகமாக நிறையும். வேதசாஸ்திரத்தில் ஒரு பிழை எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. வேதப் புத்தகத்தை எவரோ தவறாக வாசித்ததால் அது வரவில்லை. தவணை நெருங்கியதால் வந்தது.

இதற்குக் கத்தோலிக்கத் தரப்பில் ஒரு மறுப்பு உண்டு. அது கனமான மறுப்பு. திருச்சபையின் அதிகாரபூர்வமான போதனை எந்தக் காலத்திலும் பாவமன்னிப்பைக் காசுக்கு விற்கலாம் என்று சொன்னதில்லை. குற்றத்தை மன்னிப்பவர் கடவுள், அதற்கு மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும் வேண்டும். மன்னிப்புக்குப் பின் எஞ்சும் தண்டனையைத்தான் பலன் குறைக்கிறது. கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்த புண்ணியக் கருவூலத்திலிருந்து அது வழங்கப்படுகிறது என்ற விளக்கத்தை 1343-இல் ஆறாம் கிளெமென்ட் உறுதிப்படுத்தினார். 1476-இல் நான்காம் சிக்ஸ்டஸ் அதை உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கும் நீட்டித்தபோதுகூட, இது மன்றாட்டு முறையில் உதவுவது என்றுதான் சொன்னார். ஆகவே பிழை போதனையில் இல்லை, அதைக் கொச்சைப்படுத்திய தெருப் பிரசங்கிகளிடம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நான் இதன் முதல் பாதியை ஏற்கிறேன். ஏற்பதால் தலைமையின் குற்றம் குறையவில்லை, கூடுகிறது. சரியான போதனை எது என்பது மேலே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றல்லவா அதற்குப் பொருள்? 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வரம்பு மீறிய பலன்களையும் காணிக்கை வசூலிப்பவர்களின் பொய்ப் பிரசங்கத்தையும் கண்டித்து, ஆலய அர்ச்சிப்புக்கு ஓராண்டு, ஆண்டு நினைவுக்கு 40 நாள் என்று எல்லை வகுத்தது. பெட்டியில் காசு விழுந்த மாத்திரத்தில் ஆன்மா மேலே பறக்கும் என்ற கருத்தை 1482-இலேயே பாரிஸ் பல்கலைக்கழக வேதசாஸ்திரிகள் கண்டனம் செய்துவிட்டார்கள். டெட்சல் மேடையேறுவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்! கண்டிக்கப்பட்ட சரக்கு மறுபடி சந்தைக்கு வந்ததென்றால், தடுக்க வேண்டியவர்கள் தடுக்காததற்குக் காரணம் அறியாமை இல்லை. அந்தச் சரக்குக்கு வாங்குவோர் இருந்தார்கள், விற்றால்தான் தீரும் கடனும் இருந்தது.

கருவிகளும் நெடுநாளாகவே தயாராக இருந்தன. அதே மாயின்ஸ் நகரில் 1454, 1455 ஆண்டுகளில் சைப்ரஸ் தீவின் பாதுகாப்புக்கென்று வழங்கப்பட்ட பலன் சீட்டுகள்தாம் ஐரோப்பிய அச்செழுத்தில் தேதியோடு கிடைக்கும் மிகப் பழைய தாள்களில் சேர்ந்தவை. வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் வெற்றிடம் விட்டு அச்சடிக்கப்பட்டவை. கூட்டன்பர்க் அச்சிட்ட வேதாகமத்தை உலகம் கொண்டாடுகிறது. அச்சுக்கூடத்துக்கு உடனடிக் காசு கொண்டுவந்தவை இந்தப் படிவங்கள்தாம் என்பதையும் சேர்த்தே சொல்வது நியாயம்.

இரண்டாவது மறுப்பு டெட்சலையே சுட்டும்: அவர் கூலிக்குப் பிரசங்கித்தவர்தானே, குற்றம் அவர் தலையில் விழுவதில் என்ன தப்பு? கூலி வாங்கியது உண்மை. மாதம் 80 குல்டன், வேலையாளுக்கு 10 என்று போப்பாண்டவரின் தூதர் மில்டிட்ஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அவர் மேல் சுமத்தப்பட்டதெல்லாம் அவர் செய்ததில்லை. கன்னி மரியாளையே அவமதித்தவனுக்கும் என் சீட்டு போதும் என்று அவர் பேசியதாகப் பரவிய பேச்சை அவர் மறுத்தார்; அப்படிப் பேசவில்லை என்று ஹாலே நகர மன்றமும் குருக்களும் சான்று எழுதிக் கொடுத்தார்கள். புயல் பெரிதானதும் நடந்ததைக் கவனியுங்கள். அதே மில்டிட்ஸ், சமரசம் பேச வந்த இடத்தில், டெட்சலைக் கூப்பிட்டுத் திட்டி, பணம் கையாடினார் என்று பழி சுமத்தினார். 1519-இல் லைப்சிக் மடத்தில் அவமானத்தோடு டெட்சல் சாகக் கிடந்தபோது மேலிடத்தில் அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. படுக்கையில் கிடந்த அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதியவர், ஆச்சரியம், லுத்தர்தான். இந்தக் காரியம் உம்மால் தொடங்கியதில்லை, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வேறு என்பது அதன் கருத்து. எதிரியாக நின்றவருக்கே விளங்கிய இந்த உண்மையை அவர் பெயரால் நடக்கும் சபைகளின் பாடப்புத்தகங்கள் நெடுங்காலமாக மறந்து வந்திருக்கின்றன.

தகப்பன் யார் என்று லுத்தருக்கும் தொடக்கத்தில் தெரியாது. 1517 அக்டோபர் 31 தேதியிட்டு அவர் ஆல்பிரெக்டுக்கே ஒரு கடிதம் எழுதினார்; பலன் விற்பனையை எதிர்த்து அவர் எழுதிய 95 கருத்துரைகளும் அதோடு போயின. ஸ்டாக்ஹோம் ஆவணக் காப்பகத்தில் அது இன்றும் இருக்கிறது. உங்கள் பெயரால் வெளிவந்த கையேடு உங்களுக்குத் தெரியாமல்தான் வந்திருக்கும் என்று மிகப் பணிவாக அதில் எழுதுகிறார். பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது அன்று தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்று 1541-இல் அவரே எழுதினார். ஆல்பிரெக்ட் என்ன செய்தார்? கடிதத்தை மாயின்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் ரோமுக்கும் அனுப்பிவிட்டு இருந்துவிட்டார். 1518-இல் கர்தினால் ஆனார். சீட்டு விற்றவர் அவமானத்தில் செத்தார். விற்கச் சொன்னவர் சிவப்புத் தொப்பி அணிந்தார். ஹாலே நகரில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட புனிதப் பண்டங்களைச் சேர்த்து, அவற்றைத் தரிசிப்பவர்களுக்குப் பலன் என்று அறிவித்து, கலைஞர்களை ஆதரித்து, மேலும் மேலும் கடன்பட்டு வாழ்ந்தார். 1541-இல் மாக்டபர்க், ஹால்பர்ஸ்டாட் பகுதி மக்கள் அவருடைய கடனில் 500,000 குல்டன் அளவுக்குத் தாங்கள் ஏற்பதாகச் சொன்னபோது, அவர்கள் லுத்தரின் வழியில் வழிபடுவதற்குத் தடை சொல்லாமல் விட்டார். ஒரு காலத்தில் கடனுக்காகப் பரலோகத்தை விற்றவர், இன்னொரு காலத்தில் கடனுக்காகத் தம் மந்தையையே விட்டுக்கொடுத்தார். அந்த ஹாலே நகரம்தான் பின்னால் பக்தி இயக்கத்தின் மையமாகி, சீகன்பால்கு முதலான மிஷனெரிமாரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது என்பது வரலாறு செய்யும் வேடிக்கைகளில் ஒன்று.

நல்ல காரியத்துக்குத்தானே பணம் போயிற்று என்ற சமாதானமும் உண்டு. பேதுரு பேராலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பலன் பணத்தில் ஆஸ்பத்திரிகளும் பாலங்களும் எழும்பின. லுத்தருக்குப் பாதுகாவலராக இருந்த சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக்கே டோர்கவ் ஊரில் எல்பே ஆற்றுப் பாலத்துக்கு இப்படித்தான் பணம் திரட்டினார். அவர் டெட்சலைத் தம் நாட்டுக்குள் விடாததற்கும் பக்தி மட்டும் காரணமில்லை. விட்டன்பர்க் கோட்டைக் கோவிலில் அவருடைய சொந்தச் சேகரம் இருந்தது. 1509-இல் வெளியிட்ட பட்டியலில் 5,005 பண்டங்கள், 1520 வாக்கில் ஏறத்தாழ 19,000. எல்லாவற்றையும் முறைப்படி தரிசித்தால் பத்தொன்பது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தண்டனை கழியும் என்று கணக்கு. தம் குடிகளின் காசு அண்டை நாட்டுப் பெட்டிக்குப் போவதை எந்தக் கடைக்காரர் விரும்புவார்? நல்ல காரியம் என்ற வாதத்துக்கு என் பதில் இதுதான்: பாலம் கட்டப் பணம் வேண்டுமானால், பாலத்துக்குப் பணம் தாருங்கள் என்று கேட்கலாம். கேட்டால் ஜனங்கள் யோசிப்பார்கள், கணக்குக் கேட்பார்கள். செத்துப்போன தாயின் வேதனையைக் காட்டிக் கேட்டால் எவரும் கணக்குக் கேட்பதில்லை. பயத்தைக் கொண்டு வாங்கும் காணிக்கையில் கேள்விக்கு இடமில்லை என்பதே அதன் வசதி. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்த வசதி தலைவர்களைக் கெடுத்துவிடும். இங்கே நோக்கமும் பாதிதான் உயர்ந்தது.

ஜனங்கள்தான் மூடர்கள், ஏமாற ஆசைப்பட்டவர்களை ஏமாற்றுவதில் என்ன புதுமை என்று கேட்பவர்கள் 95 கருத்துரைகளின் பிற்பகுதியை வாசிக்க வேண்டும். பாமரர்கள் கூர்மையாகக் கேட்கும் கேள்விகள் என்று லுத்தர் அங்கே சிலவற்றை வரிசைப்படுத்துகிறார். ஆன்மாக்களைக் காசுக்காக விடுவிக்க முடியுமென்றால், அன்புக்காக எல்லாரையும் ஒரேயடியாக விடுவிக்க போப்பாண்டவருக்கு என்ன தடை? அவ்வளவு செல்வம் உள்ளவர் ஏழை விசுவாசிகளின் பணத்தை விட்டுத் தம் பணத்தில் ஒரு பேராலயம் கட்டினால் ஆகாதா? இவை பல்கலைக்கழகத்தில் தயாரான கேள்விகளாகத் தோன்றவில்லை. யூட்டர்போக் சந்தையில் சீட்டு வாங்கி எல்லை தாண்டித் திரும்பிய விட்டன்பர்க் ஜனங்களின் நடுவில் கேட்ட பேச்சு. அதற்கும் நூறாண்டு முன்பு, 1412-இல் பிராகா நகரத் தெருக்களில் பலன் விற்பனையை எதிர்த்துக் கூச்சலிட்ட மூன்று இளைஞர்களின் தலை வெட்டப்பட்டது. அவர்கள் பக்கம் நின்ற யான் ஹுஸ் 1415-இல் கான்ஸ்டன்ஸில் எரிக்கப்பட்டார். ஜனங்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். வாங்கியவர்களிலும் பலர் முட்டாள்தனத்தால் வாங்கவில்லை, பாசத்தால் வாங்கினார்கள். கொள்ளைநோயும் பஞ்சமும் வீட்டுக்கு வீடு சாவு வைத்த காலத்தில், இறந்த பிள்ளைக்காக ஒரு குல்டன் கொடுக்கும் தாயின் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? அவள் நம்பியது பேராயரின் முத்திரையை. அந்த முத்திரையை நம்பு என்று சொல்லி வளர்த்ததும் அதே திருச்சபைதான்.

கிறிஸ்தவ வேதத்துக்கு இந்த நோய் புதியதன்று. மீகா தீர்க்கதரிசி எருசலேமின் தலைவர்களைக் கண்டிக்கும்போது லஞ்சத்துக்கு நியாயம் தீர்ப்பவர்களையும் கூலிக்குப் போதிக்கும் ஆசாரியர்களையும் பணத்துக்குக் குறி சொல்லும் தீர்க்கதரிசிகளையும் ஒரே மூச்சில் பேசுகிறார். மூன்றையும் ஒரே குற்றத்தின் மூன்று முகங்களாக அவர் பார்ப்பதாகவே எனக்குப் படுகிறது. எசேக்கியேல் மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களைச் சாடுகிறார். அப்போஸ்தலருடைய நடபடிகளில் மாயவித்தைக்காரன் சீமோன் ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான். அவனைப் பேதுரு கடிந்துகொண்டார். அந்தப் பேதுருவின் கல்லறைமேல் கட்டிய ஆலயத்துக்குத்தான் இந்த வசூல் என்பதை அக்காலத்து நையாண்டிக்காரர்கள் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். ஆதிச் சபையின் ஒழுங்குநூலான திதாக்கே இன்னும் நடைமுறைக்கு இறங்குகிறது. ஊருக்கு வரும் ஊழியக்காரன் ஓரிரு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் அவனும் கள்ளத் தீர்க்கதரிசியே. அந்தச் சிறு சபைகள் போதகனைச் சோதிக்க உபதேசத்தை மட்டும் பார்க்கவில்லை, அவன் எதைச் சார்ந்து பிழைக்கிறான் என்பதையும் பார்த்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து ஆல்பிரெக்டைச் சோதிக்க அந்த அளவுகோல் ஒன்றே போதுமாயிருந்திருக்கும்.

இதெல்லாம் புராட்டஸ்டண்டுகளின் பழைய பாட்டு என்று ஒதுக்குபவர்களும் இருப்பார்கள். அப்படியானால் புராட்டஸ்டண்டுகளின் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கைப் பார்ப்போம். ஹெஸ்ஸே நாட்டு ஆட்சியாளர் பிலிப் சீர்திருத்த அணியின் பெரும் தூண். 1531-இல் உருவான ஷ்மால்கால்டன் கூட்டணியின் தலைவர்களில் ஒருவர். மனைவி கிறிஸ்டீனா உயிரோடிருக்க, மார்கரெத்தா என்ற பெண்ணையும் மணக்க விரும்பினார். ஒத்துக்கொள்ளாவிட்டால் பேரரசரிடம் அனுமதி கேட்பேன் என்று சீர்திருத்தவாதி மார்ட்டின் பூட்சர் மூலம் ஜாடையாகச் சொல்லி அனுப்பினார். 1539 டிசம்பரில் லுத்தரும் அவருடைய சகா மெலாங்க்தனும் கையெழுத்திட்ட ஆலோசனை வந்தது: பொதுச் சட்டமாக்க முடியாது, ஆனால் இரகசியமாகச் செய்துகொள்ளலாம். 1540 மார்ச் 4-இல் ரோட்டன்பர்கில் நடந்த திருமணத்தில் மெலாங்க்தனும் பூட்சரும் கூட நின்றார்கள். விஷயம் வெளியே கசிந்தபோது மறுத்துவிடு, சபையின் நன்மைக்காக ஒரு கனமான பொய் சொன்னால் குற்றமில்லை என்று ஆலோசனை சொன்னவர் லுத்தர். மெலாங்க்தன் மனக்குமைச்சலில் நோயில் விழுந்தார். இங்கே பெட்டி இல்லை, ஃபுக்கர் இல்லை, ஒரு குல்டனும் கைமாறவில்லை. ஆனால் அமைப்பு ஒன்றேதான். ஆலோசனை சொல்பவர் ஆலோசனை கேட்பவரின் வாளுக்குக் கடன்பட்டிருந்தார். வேதப்புத்தகத்தில் ஆபிரகாமும் யாக்கோபும் திடீரென்று உதவிக்கு வந்தார்கள். பேரரசின் குற்றச் சட்டப்படி இருதாரம் கடுந்தண்டனைக்குரியது. அதற்குப் பயந்த பிலிப் 1541-இல் பேரரசரோடு சமாதானம் செய்துகொண்டார், கூட்டணியும் பலவீனப்பட்டது. ஆகவே ரோமின் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு ரோமுக்கு மட்டும் உரியதன்று. அது லுத்தரின் விட்டன்பர்க் வாசலிலும் நிற்கிறது.

கத்தோலிக்கத் தலைமைக்குள்ளிருந்தே உண்மையைச் சொன்னவர்களும் உண்டு. லியோவுக்குப் பின் வந்த ஆறாம் ஏட்ரியன் நெதர்லாந்துக்காரர், எளிமையானவர், ரோமில் எவருக்கும் பிடிக்காதவர். 1523 ஜனவரியில் நூரம்பர்க் பேரவையில் அவருடைய தூதர் கியரெகாத்தி வாசித்த அறிக்கையில், கேடு தலையிலிருந்து உறுப்புகளுக்கும், போப்பாண்டவர்களிலிருந்து மற்ற ஆயர்களுக்கும் பரவியது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தும் போனார். பிறகு நாற்பதாண்டு கழிந்தது. 1562-இல் திரெந்து பொதுச்சங்கம் காணிக்கை வசூலிப்பவர்கள் என்ற பதவியையே ஒழித்தது. 1215 முதல் பல சங்கங்கள் திருத்தப் பார்த்துத் தோற்றதால் இனித் திருத்தும் நம்பிக்கை இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். 1563 டிசம்பரில் பலன்கள் குறித்த ஆணை கெட்ட ஆதாயங்களைத் தடைசெய்தது. 1567-இல் ஐந்தாம் பியுஸ் பணத்தோடு பிணைந்த பலன்களையெல்லாம் ரத்துசெய்தார். சீட்டு விற்பனை உண்மையாகவே நின்றது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விற்பனையைப் பிறப்பித்த பதவிச் சந்தை நிற்கவில்லை. ஒருவருக்கு ஒரே மறைமாவட்டம் என்று திரெந்து விதித்த மை காய்வதற்குள், 1566-இல், பவேரிய அரச குடும்பத்து எர்ன்ஸ்ட் பன்னிரண்டு வயது நிறையுமுன் ஃபிரைசிங் ஆயரானார். அடுத்த இருபதாண்டுக்குள் ஹில்டஸ்ஹைம், லியேஜ், கொலோன், மூன்ஸ்டர் என்று மேலும் நான்கு ஆசனங்கள் அவருக்குச் சேர்ந்தன. கொலோன் பேராயர் புராட்டஸ்டண்டுப் பக்கம் சாய்ந்ததால் அந்த ஆசனத்துக்கு நம்பகமான ஒருவர் வேண்டும் என்று ரோம் அவருக்கு விலக்கு அளித்தது.